ராஃப் பாடி முடிக்கிற வரைக்கும் இடி காத்திருக்குமா? இடொமெனேயோ உருவான கதை

1780 நவம்பர் 15. ம்யூனிக்ல இருந்து இசையமைப்பாளர் மோட்சார்ட் சால்ஸ்பர்க்ல இருக்கிற அப்பாவுக்கு ஒரு லெட்டர் போடுறார். புதுசா எழுதிட்டு இருக்கிற இடொமெனேயோங்கிற ஓபராவோட (பாட்டாவே நடக்கிற நாடகம்) ரெண்டாவது அங்கத்துல ஒரு இடம், கடல்ல புயல் கிளம்புது, கரையில ஜனங்க அலறி ஓடுறாங்க, அந்த ரகளைக்கு நடுவுல ராஜா நின்னு ஒரு பாட்டு பாடணும்னு கவிஞர் எழுதி வச்சிருக்கார். மோட்சார்ட் சொல்றது இதுதான்: மேடையில அவ்வளவு சத்தமும் குழப்பமும் இருக்கும்போது பாட்டு எடுபடாது, போதாததுக்கு இடி மின்னல் வேற, ராஜாவா நடிக்கிற ராஃப் பாடி முடிக்கிற வரைக்கும் அது வாய மூடிட்டு நிக்குமா என்ன? பாட்டு வேண்டாம், வெறும் ரெசிடடிவ் போதும், அதுக்கு ஆர்கெஸ்ட்ராவ நல்லா பின்னாடி போட்டுக்கலாம்.

ரெசிடடிவ்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வரி: பேச்சும் இல்லாம பாட்டும் இல்லாம, வசனத்தையே சுரத்துல சொல்லிட்டுப் போறது. கதை நகர்றது அதுலதான். ஆரியான்னா நின்னு நிதானமா பாடுற முழுப் பாட்டு, அங்க கதை நிக்கும், மனசுல இருக்கிறது மட்டும் கொட்டும்.

இசை பெருசா வார்த்தை பெருசாங்கிற சண்டை அந்த நூற்றாண்டு பூரா ஐரோப்பால நடந்துச்சு. ஆனா மோட்சார்ட் எழுதுனதுல அந்த மாதிரி தத்துவம் எதுவும் இல்ல பாருங்க. புயல் சத்தம், நின்னுட்டு இருக்கிற ஒரு வயசானவர், பாக்கிறவன் கண்ணுக்கு எப்படி இருக்கும், அவ்வளவுதான் கேள்வி. இந்த ஓபராவுக்காக அவர் கேட்ட மாத்தங்கள்ல முக்காவாசி இந்த மாதிரிதான், அதனாலதான் இந்த கேஸ எடுத்தேன். கவிஞர் எழுதுனத இசையமைப்பாளர் வெட்டித் தள்ளுனாருன்னு இத சுருக்கமா சொல்லிட்டுப் போறவங்க நிறைய. லெட்டர்களத் தேதி வரிசையா படிச்சா வேற ஒண்ணு தெரியுது, ரெண்டு பேருக்கும் மேல மேடைன்னு ஒரு முதலாளி இருந்துச்சு, அது கடைசில இசையமைப்பாளரோட பாட்டையும் விட்டு வைக்கல.

முன்னாடி எப்படி இருந்துச்சு

ரொம்ப நாளா கவிஞரும் இசையமைப்பாளரும் சேர்ந்து வேலை செஞ்சாங்கன்னே சொல்ல முடியாது. மெட்டாஸ்டாசியோன்னு ஒரு இத்தாலியக் கவிஞர், 1730ல இருந்து வியன்னால அரசவைக் கவிஞர், அவர் எழுதுன லிப்ரெட்டோவ (ஓபராவோட கதை வசனம் பாட்டு எல்லாம் சேர்ந்த புத்தகம்) ஐரோப்பா முழுக்க ஆளாளுக்கு எடுத்து திரும்பத் திரும்ப இசை போட்டாங்க. அவரோட ஆர்டாசெர்சே ஒண்ணுக்கே டஜன் கணக்குல வேற வேற இசை இருக்கு. கவிதை நிரந்தரம், இசை வந்து போறதுங்கிற மாதிரி ஒரு நிலைமை. 1749ல அவர் ஹாஸ்ஸேங்கிற இசையமைப்பாளருக்கு ஒரு லெட்டர் எழுதுறார், எந்த பாத்திரம் எப்படிப்பட்ட ஆளு, எந்த ரெசிடடிவ்ல ஆர்கெஸ்ட்ரா நுழையணும், எங்க சும்மா இருக்கணும்னு, பக்கம் பக்கமா. ஹாஸ்ஸே அப்பவே ஐரோப்பால பெரிய பேரு, ஆனாலும் பாடம் எடுத்தது கவிஞர்தான்.

1762ல வியன்னால க்ளூக்ங்கிற இசையமைப்பாளரும் கால்சாபிஜிங்கிற கவிஞரும் சேர்ந்து ஓர்ஃபேயோ போட்டப்போ இந்த ஏற்பாடு கொஞ்சம் ஆட்டம் கண்டுச்சு, ரெண்டு பேரும் ஒரே ஊர்ல உக்காந்து ஒரே யோசனையோட செஞ்ச வேலை அது. மோட்சார்ட்டுக்கு 1780ல அந்த வசதி கிடையாது. அவர் ஒரு ஊர்ல, கவிஞர் வேற ஊர்ல.

யார் யாரு

பவேரியாவோட எலெக்டர் (அந்த நாட்ட ஆள்றவர்) கார்ல் தியோடர், 1781 கார்னிவல் சீசனுக்கு (தவக்காலத்துக்கு முந்தின கொண்டாட்டக் காலம்) ம்யூனிக்ல போட ஒரு சீரியஸ் இத்தாலிய ஓபரா வேணும்னு மோட்சார்ட்ட கேட்டார். இவர் முன்னாடி மான்ஹைம்ல இருந்தவர், 1778ல பவேரியா இவர் கைக்கு வந்ததும் அங்க இருந்த ஆர்கெஸ்ட்ராவையும் ம்யூனிக்குக்கு கொண்டு வந்துட்டார், அந்த ஆர்கெஸ்ட்ரா அன்னைக்கு ஐரோப்பாவோட டாப் குழுக்கள்ல ஒண்ணு, அதுல மோட்சார்ட்டுக்கு பழைய சிநேகிதங்க நிறைய. அவருக்கு அப்ப வயசு 24.

லிப்ரெட்டோ எழுதுனவர் ஜாம்பட்டிஸ்டா வரெஸ்கோ, ட்ரெண்டோ பக்கத்து ஆளு, சால்ஸ்பர்க் அரண்மனைல பாதிரியார். கதை அவரோடது இல்ல. 1712ல பாரிஸ்ல கேம்ப்ரா இசை போட்ட ஒரு ஓபராவுக்கு தாஞ்சேங்கிறவர் எழுதுனது, அதத்தான் இத்தாலியன்ல மாத்தி எழுதுனார். கிரீட் தீவு ராஜா இடொமெனேயோ ட்ராய் போர்ல இருந்து திரும்பும்போது புயல்ல மாட்டி, உயிரோட கரை சேர்ந்தா முதல்ல கண்ணுல படுறவங்கள பலி குடுக்கறேன்னு கடல் தெய்வத்துக்கு நேர்ந்துக்கிறார், கரைல முதல்ல வர்றது சொந்தப் பையன் இடமான்டே. பிரெஞ்சு மூலத்துல ராஜா பைத்தியம் பிடிச்சு பையனக் கொன்னுடுவார். வரெஸ்கோ அத மாத்தி, கடைசில அசரீரி வந்து நீ சிம்மாசனத்த விட்டு இறங்கு, பையன் ராஜாவாகட்டும், இலியாவ கட்டிக்கட்டும்னு சொல்ற மாதிரி வச்சார். இலியா, ட்ராய்ல இருந்து கைதியா வந்த இளவரசி. நல்ல மாத்தம்தான், ஆனா அந்த அசரீரிதான் பின்னாடி எல்லாருக்கும் தலைவலி ஆச்சு.

மூணாவது ஆளு லியோபோல்ட், மோட்சார்ட்டோட அப்பா. என்னைக் கேட்டா இந்தக் கதைல சரியா பேரு கிடைக்காத ஆளு இவர்தான். மகன் ம்யூனிக்ல இருந்து எழுதுவார், அப்பா வரெஸ்கோவ கூப்பிட்டு உக்கார வச்சு படிச்சுக் காட்டுவார், மாத்தம் வாங்குவார், சில இடத்துல கவிஞர் பக்கம் நின்னு மகன்கிட்ட வாதாடுவார், பதில் போஸ்ட் வண்டில போகும். வரெஸ்கோ பேசுனது நமக்குக் கிடைக்கிறதே அப்பா எழுதுன வரிகள் வழியாத்தான். இன்னொருத்தர் ஷாக்ட்னர், அரண்மனை ட்ரம்பெட் கலைஞர், குடும்ப நண்பர், லிப்ரெட்டோவ ஜெர்மன்ல பெயர்த்தவர். இத்தாலியன்ல ஒரு வரி மாறுனா அவரும் மறுபடி உக்காரணும், அச்சுக்குப் போற பிரதியையும் திருத்தணும்.

ம்யூனிக் பக்கம்: ராஜாவா ஆன்டன் ராஃப், 66 வயசு டெனர் (உயர்ந்த ஆண் குரல்), ஒரு காலத்துல ஓஹோன்னு இருந்தவர். பையனா காஸ்ட்ராட்டோ (குரல் உடையாம இருக்க சின்ன வயசுலயே காயடிக்கப்பட்ட பாடகர்) தல் ப்ராட்டோ, 24 வயசு, அனுபவம் பத்தாது, முழு ஓபராவையும் உக்கார வச்சு சொல்லிக் குடுக்க வேண்டி இருக்குன்னு மோட்சார்ட் புலம்புறார். இலியாவா டோரத்தியா வெண்ட்லிங், இடமான்டே மேல ஆசைப்படுற கிரேக்க இளவரசி எலெத்ராவா அவங்க ஓரகத்தி எலிசபெத் வெண்ட்லிங். தியேட்டர் நிர்வாகம் சீயாவ் பிரபு கைல, மேடை அமைப்பு லோரென்ஸோ குவாலியோ, ஆர்கெஸ்ட்ரா கன்னபிக் பொறுப்புல.

ராஜா கப்பல்ல தனியாவா வருவார்?

மோட்சார்ட் நவம்பர் 5 கிளம்பி மறுநாள் ம்யூனிக் வந்து சேர்ந்தார். போஸ்ட் வண்டி குலுக்கின குலுக்கல்ல ராத்திரி பூரா தூக்கம் இல்ல, உக்கார முடியாம ரெண்டு கைய சீட்ல ஊனி உடம்பத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே கொஞ்ச தூரம் வந்தேன்னு 8ஆம் தேதி எழுதுறார். அந்த லெட்டர்லயே வேலையும் ஆரம்பிச்சாச்சு. ரெண்டாவது அங்கத்துல இலியா பாடுற ஆரியால, மத்த பாத்திரத்துக்குக் கேக்காத மாதிரி தனக்குள்ள பேசிக்கிற வரிகள வரெஸ்கோ போட்டிருந்தார். பேச்சுல அது இயல்பு, சட்டுனு ஒரு வார்த்தைய திரும்பி நின்னு சொல்லிட்டு வந்துடலாம், ஆனா ஆரியால வார்த்தைகள் திரும்பத் திரும்ப வரும், அதே ரகசியத்த நாலு தடவை பாடுனா ரகசியமா அதுன்னு கேக்கிறார். அவருக்கு வேண்டியது தங்குதடை இல்லாம போற ஒரு பாட்டு, கூட நாலு காத்து வாத்தியம் தனியா பேசணும், ஃப்ளூட், ஓபோ, ஹார்ன், பஸ்ஸூன்.

இந்த இடத்தக் கொஞ்சம் கிட்ட போய் பாக்கணும். இந்த நாலு வாத்தியம் ஏன்னா அந்த நாலையும் வாசிக்கிறவங்க அவரோட மான்ஹைம் நண்பர்கள், ஒவ்வொருத்தரும் அந்த வாத்தியத்துல கில்லாடி. ஃப்ளூட் வாசிக்கிறவர் வெண்ட்லிங், பாடுற டோரத்தியாவோட புருஷன். அதாவது பாட்டோட வடிவம், அதுல வார்த்தை எப்படி இருக்கணுங்கிறது, ரெண்டையும் முடிவு பண்ணது அந்த ஊர்ல அந்த மாசத்துல யாரு இருந்தாங்கங்கிறது. வரெஸ்கோ சால்ஸ்பர்க்ல உக்காந்து இத எப்படி ஊகிக்க முடியும்? அவர் மறுபடி எழுதிக் குடுத்ததுதான் இன்னைக்கும் பாடுற பாட்டு: அப்பாவ இழந்தேன், நாட்ட இழந்தேன், இனி நீங்கதான் எனக்கு அப்பான்னு ராஜாகிட்ட சொல்றா. கேக்கும்போதே ராஜாவுக்கு மெல்ல உறைக்குது, இந்தப் பொண்ணு நம்ம பையன விரும்புதுன்னு. தனக்குள்ள பேசிக்கிற வரி எதுவும் இல்லாமலே அத்தனையும் அதுல வந்துடுச்சு.

நவம்பர் 13 லெட்டர் இன்னும் சுவாரசியம். முதல் அங்கத்துல ராஜா புயல்ல தப்பி கரைக்கு வர்ற காட்சி, வரெஸ்கோ எழுதுனபடி கப்பல்ல தனியா வர்றார். மேடை அமைக்கிற குவாலியோவும் இதையே ஆட்சேபிச்சார், ராஜா ஒரு கப்பல்ல ஒத்த ஆளா எப்படி வருவார்? மோட்சார்ட் ரெண்டு வழி குடுக்கிறார். எல்லாராலயும் கைவிடப்பட்டு, கப்பலே இல்லாம, ஆபத்துல தனியா தத்தளிச்சு வர்ற மாதிரி காட்டலாம்னா காட்டுங்க, ஆனா கப்பல எடுத்துடுங்க. கப்பல் வேணும்னா கூட நம்பிக்கையான தளபதிங்க சில பேரு இறங்கட்டும், ராஜா அவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசி என்னைத் தனியா விடுங்கன்னு அனுப்பிடட்டும், அவர் இருக்கிற மனநிலைக்கு அது இயல்பாவே இருக்கும். இத சொன்னவர் இசையமைப்பாளர்ங்கிறத மறந்துட்டுப் படிச்சா யாரோ டைரக்டர் எழுதுன நோட்னு நினைப்போம். அந்தக் காலத்துல டைரக்டர்னு தனியா ஒரு உத்தியோகம் கிடையாது, அந்த வேலை யார் கைல விழுதோ அவங்க செஞ்சாங்க, இங்க 24 வயசுப் பையன் கைல விழுந்துச்சு. அதே லெட்டர்ல மூணாவது அங்கத்துல இருந்த ஒரு டூயட்டையும் எடுக்கச் சொல்றார், அந்த இடத்துல பாட்டு வந்தா காட்சி ஆறிப்போயிடும், கூட நிக்கிற மத்த நடிகங்க என்ன செய்யறதுன்னு தெரியாம நிக்கணும்னு. நடிகன் கைய எங்க வச்சுக்குவான்னு யோசிச்சு தனக்கு வர வேண்டிய ஒரு பாட்டையே வேண்டாங்கிறார்.

அசரீரி

நவம்பர் 29 லெட்டர்ல அசரீரி வந்துடுச்சு. பூமிக்கு அடியில இருந்து வர்ற குரல் பேசுறது ரொம்ப நீளம்னு உங்களுக்குத் தோணலயான்னு அப்பாகிட்ட கேக்கிறார். தியேட்டர்ல உக்காந்திருக்கிற மாதிரி நினைச்சுப் பாருங்க, அந்தக் குரல் பயமுறுத்தணும், உள்ள இறங்கணும், நிஜம்னு நம்பணும், நீட்டி முழக்குனா கேக்கிறவன் இது சும்மான்னு கண்டுபிடிச்சுடுவான். ஹாம்லெட்ல ஆவி பேசுறது இவ்வளவு நீளமா இல்லாம இருந்தா இன்னும் நல்லா வேலை செஞ்சிருக்கும்னு வேற ஒரு போடு. ஷேக்ஸ்பியருக்கே எடிட்டிங் சொன்ன ஆளு வரெஸ்கோவ விடுவாரா.

இதுல அப்பா செஞ்சது என்னன்னா, டிசம்பர் 29ல ஒரு யோசனை அனுப்புறார். குரலுக்குப் பின்னாடி ரொம்ப ஆழமான காத்து வாத்தியங்கள நீ வைப்பேன்னு நினைக்கிறேன், முதல்ல நிலத்துக்கடியில லேசா உறுமல், அப்புறம் வாத்தியங்கள் மெதுவா ஆரம்பிச்சு பயம் வர்ற அளவுக்கு ஏறி, இறங்க ஆரம்பிக்கும்போது குரல் நுழைஞ்சா எப்படி இருக்கும்னு. ஜனவரி 3ல மகன் பதில்: குரலுக்கு அஞ்சே வாத்தியம், மூணு ட்ராம்போன் ரெண்டு ஹார்ன், குரல் வர்ற அதே இடத்துல மறைச்சு வைக்கறோம், அந்த நேரம் முழு ஆர்கெஸ்ட்ராவும் மௌனம். இன்னைக்கு அந்த இடத்தக் கேட்டுப் பாருங்க, அந்த ஏற்ற இறக்கம் அப்படியே இருக்கு. வார்த்தை வரெஸ்கோவோடது, இசை மகனோடது, அது எழும்பி அடங்கற விதத்துல அப்பாவோட கை. கவிஞரும் இசையமைப்பாளரும்னு ரெண்டு பேர வச்சு மட்டும் இந்தக் கேஸ பேச முடியாதுன்னு நான் சொல்றது இதனாலதான்.

அப்புறம் காசு. சீயாவ் பிரபு ட்ராம்போன் செலவுக்கு மாட்டேன்னுட்டார், பெரிய சண்டை போட வேண்டி இருந்துச்சுன்னு ஜனவரி லெட்டர்ல வருது. அசரீரிக்கு மோட்சார்ட் மொத்தம் நாலு வடிவம் எழுதி வச்சிருக்கார், நீளமா, குட்டையா, ட்ராம்போன் இருக்கிறது, இல்லாததுன்னு. கலை முடிவு எவ்வளவு, கணக்குப்பிள்ளை முடிவு எவ்வளவுன்னு பிரிச்சுப் பாக்கிறது வெட்டி வேலை. ஜனவரி 18ல எழுதுறதுதான் எனக்குப் பிடிச்சது: அசரீரி பேச்சு இன்னமும் நீளம், நானே குறைச்சுட்டேன், வரெஸ்கோவுக்கு இது தெரிய வேண்டாம், புத்தகத்துல அவர் எழுதுனபடியே முழுசா அச்சாகும்.

அச்சாகிற புத்தகம் ஒண்ணு, மேடையில நடக்கிறது வேற. அந்தக் காலத்துல தியேட்டருக்கு வர்றவங்க லிப்ரெட்டோ புத்தகத்தக் கைல வச்சுப் படிச்சுக்கிட்டே பாப்பாங்க, அதனால கவிஞருக்கு அந்தப் புத்தகம்தான் படைப்பு. பாடாம விட்டாலும் பரவால்ல, அச்சுல இருக்கட்டும்ங்கிறது வரெஸ்கோவோட நிலை. இது வெறும் பிடிவாதம்னு நான் நினைக்கல, நியாயமான சமாதானம், ரெண்டு பேரு வேலையும் ரெண்டு இடத்துல பிழைச்சுக்குது.

ராஃப், அஞ்சு இகரம், ஒரு குவார்டெட்

ராஃப் விஷயம் தனி அத்தியாயம். மோட்சார்ட்டுக்கு அவர் மேல நிஜமாவே பாசம், உலகத்துலயே நல்ல மனுஷன், நேர்மையானவர்னு எழுதுறார், ஆனா பழைய பழக்கத்துல அவ்வளவு ஊறிட்டார், ரத்தமே வேர்க்குதுங்கிறார். மூணாவது அங்கத்துல தனக்கு ஒரு அமைதியான அழகான பாட்டு வேணும்னு ராஃப் ஆசைப்பட்டார், வரெஸ்கோ எழுதுன முதல் வரிகள் சரிப்படல, மறுபடி எழுதி வந்துச்சு, அதுலயும் குறை. டிசம்பர் 27 லெட்டர்ல வருது, பாட்டு முடியற இடத்துல வியென்மி ஆ ரின்விகோரிர்னு வருது, அதுல அஞ்சு இகரம்! பாடுறவங்களுக்கு இது உடனே புரியும், ஆகாரத்துல வாய் திறக்கும், தொண்டை விரியும், இகாரத்துல நீட்டிப் பிடிச்சா குரல் மூக்குக்கு ஏறும், 66 வயசுக் குரலுக்கு கேக்கவே வேண்டாம். காகிதத்துல அந்த வரில ஒரு தப்பும் இல்ல. வரெஸ்கோ மறுபடி எழுதுனார், மனசுக்கு அமைதி திரும்புதுன்னு ஆரம்பிக்கிற பாட்டு வந்துச்சு, ராஃப்புக்கு சந்தோஷம்.

ஆனா பாடகர் கேட்டதெல்லாம் குடுத்துட்டாருன்னு நினைக்காதீங்க. அதே டிசம்பர் 27 லெட்டர்ல இன்னொரு விஷயம் இருக்கு. மூணாவது அங்கத்துல நாலு பேரு சேர்ந்து பாடுற குவார்டெட், இடமான்டே நாட்ட விட்டுப் போறேங்கிறான், மத்த மூணு பேரும் ஆளுக்கொரு வேதனைல சேர்ந்துக்கிறாங்க. ராஃப் சொல்றார், இதுல குரல விரிச்சுக் காட்ட இடமே இல்லையே. மோட்சார்ட் பதில்: இதுல ஒரு சுரத்த மாத்தணும்னு எனக்குத் தோணுனா உடனே மாத்திடுவேன், ஆனா இந்த ஓபராலயே எனக்கு இவ்வளவு பிடிச்சது வேற இல்ல, ஒரு தடவை நாலு பேரும் சேர்ந்து பாடிக் கேளுங்க அப்புறம் பேசுவோம், உங்க ஆரியாவுல நீங்க சொல்றபடி கேக்கறேன், ஆனா மூணு பேரு நாலு பேரு பாடுற இடத்துல இசையமைப்பாளர் கைய கட்டக் கூடாது. ஒத்திகைல கேட்டப்புறம் ராஃப் சரின்னுட்டார். ஆரியா பாடகருக்கு, குழுப்பாட்டு நாடகத்துக்குன்னு அவர் கோடு போட்ட இடம் இது. பின்னாடி அவர் எழுதுன ஃபிகரோங்கிற ஓபரா வரைக்கும் இந்தக் கோடு போகுது.

ரெசிடடிவ் வெட்டுனது இன்னும் கசப்பான கதை. அப்பாவும் பையனும் கரைல அடையாளம் தெரியாம சந்திச்சுக்கிற முதல் அங்கக் காட்சியும், ராஜாவும் அர்பாசேங்கிற மந்திரியும் பேசுற ரெண்டாவது அங்க ஆரம்பமும் குறைச்சே ஆகணும்னு டிசம்பர் 19ல கேக்கிறார். காரணத்தப் பாருங்க: முதல் காட்சில ரெண்டு பேருமே மோசமான நடிகங்க, அடுத்ததுல ஒருத்தர் மோசம், ஜனங்களுக்கு கொட்டாவி வரும். வசனம் மோசம்னு அவர் சொல்லவே இல்ல. லெட்டர் கிடைச்சதும் லியோபோல்ட் வரெஸ்கோவ வரவழைச்சு ரெண்டு பேரும் திருப்பித் திருப்பிப் படிச்சுப் பாத்தாங்க, குறைக்க ஒரு காரணமும் தெரியலன்னு எழுதுனாங்க. அவங்க சொன்னதுலயும் நியாயம் இருக்கு, அப்பாவும் பையனும் ஒருத்தர ஒருத்தர் தெரிஞ்சுக்கிற இடம் அவசரமா முடிஞ்சா அடி விழாது. நல்ல நடிகங்க இருந்திருந்தா சால்ஸ்பர்க் பக்கம்தான் சரி. ஆனா ம்யூனிக்ல இருந்தது ராஃபும் தல் ப்ராட்டோவும், ராஃப் சிலை மாதிரி நிப்பார்னு மோட்சார்ட்டே எழுதி இருக்கார். ரெண்டு பேரோட நடிப்புக் குறை வசனத்தோட நீளத்த முடிவு பண்ணிடுச்சு.

நடுவுல சில விஷயம் வேகமா. நவம்பர் 29ல வியன்னால ஆஸ்திரியா மகாராணி மரியா தெரேசா இறந்துட்டாங்க, துக்கம் அனுஷ்டிக்கணும், மோட்சார்ட் வீட்டுக்கு கறுப்பு கோட் அனுப்பச் சொல்லி எழுதுனார். ஒத்திகை டிசம்பர் ஆரம்பத்துல தொடங்குச்சு, பின்னாடி ஒரு ஒத்திகைய எலெக்டரே வந்து கேட்டுட்டு இவ்வளவு சின்ன மண்டைக்குள்ள இவ்வளவு பெரிய விஷயமான்னாராம். காது நீளமான பாமரங்களையும் மறந்துடாதன்னு அப்பா எழுதுனதுக்கு, என் ஓபரால எல்லா ரகத்துக்கும் இசை இருக்கு, நீளக் காதுக்கு மட்டும் இல்லன்னு மகன் பதில். மூணாவது அங்கம் எழுதும்போது நானே மூணாவது அங்கமா மாறிட்டாலும் ஆச்சரியமில்லன்னார்.

ஜனவரியில வெட்டு யார் மேல விழுந்துச்சு

இதுவரைக்கும் படிச்சா வரெஸ்கோ மேலதான் கத்தி விழுந்த மாதிரி இருக்கும். ஒத்திகைல மூணாவது அங்கம் முழுசா ஓடுனப்போ ரொம்ப நீளம்னு தெரிஞ்சுது. ஜனவரி 18 லெட்டர்ல மோட்சார்ட் சொல்றார், இடமான்டேவோட சாவுக்குப் பயமில்லங்கிற ஆரியா அந்த இடத்துல பொருந்தல, எடுத்தாச்சு, ராஃப்போட கடைசி ஆரியாவும் போச்சு.

ராஃப்போட கடைசி ஆரியான்னா எதுன்னு புரியுதா? அந்த அஞ்சு இகரம் பாட்டு. சால்ஸ்பர்க்குக்கும் ம்யூனிக்குக்கும் லெட்டர் லெட்டரா ஓடி, வரெஸ்கோ திரும்பத் திரும்ப எழுதி, ஷாக்ட்னர் திரும்ப ஜெர்மனாக்கி, ராஃப் குரலுக்கு அளவெடுத்து மோட்சார்ட் இசை போட்ட அதே பாட்டு. எலெத்ராவோட கடைசி வெறி ஆரியாவும் முதல் மேடையேற்றத்துக்கு முன்னாடி போயிடுச்சு, இன்னைக்கு அந்த ஓபராக்குப் போறவங்க பாதிப் பேரு அதுக்காகத்தான் போறாங்க. இதெல்லாம் அவரோட நல்ல இசை, எழுதி முடிச்சது. புயல்ல பாட்டு நிக்காதுன்னு நவம்பர்ல வரெஸ்கோகிட்ட சொன்ன அதே வாதத்த ஜனவரில தனக்கே சொல்லிக்கிட்டார். இசைதான் எஜமான்னு நம்புற ஆளு இத செய்ய மாட்டார்.

சம்பள விஷயத்துல மட்டும் எனக்கு மோட்சார்ட் மேல கோவம். இத்தனை தடவை மாத்தி எழுதுனதுக்கு வரெஸ்கோ கூடக் காசு கேட்டார். அதே ஜனவரி 18 லெட்டர்ல பதில்: பேசுன தொகைக்கு மேல சீயாவ் பிரபுகிட்ட இருந்து ஒரு சல்லி வராதுன்னு சொல்லுங்க, மாத்தங்கள் பிரபுவுக்காக செஞ்சது இல்ல, எனக்காக செஞ்சது, அதுவும் அவர் பேருக்கு நல்லதுக்குத்தான், அவர் எனக்கு நன்றி சொல்லணும். உழைப்ப வாங்கிட்டு நன்றியும் கேக்கிறது கொஞ்சம் ஓவர். வேற எந்த இசையமைப்பாளர்கிட்டயும் இவ்வளவு லேசா தப்பிச்சிருக்க மாட்டார், நான்தான் அவருக்காகப் பரிஞ்சு பேசிட்டு இருக்கேன்னு வேற சேர்த்துக்கிறார்.

ஜனவரி 26ல அப்பாவும் அக்காவும் ம்யூனிக் வந்தாங்க. 27ஆம் தேதி கடைசி ஒத்திகை, அன்னைக்கு மோட்சார்ட்டுக்கு 25 முடிஞ்சுது. முதல் காட்சி 1781 ஜனவரி 29, இன்னைக்கு குவில்லியே தியேட்டர்ங்கிற அரண்மனை அரங்குல. 1786 மார்ச்ல வியன்னால ஒரு பிரபு வீட்ல நடந்த தனிக் காட்சிக்காக மறுபடி கை வச்சார், அப்ப இடமான்டே டெனர் ஆயிட்டார், அதுக்கேத்த மாதிரி பாட்டு மாறுச்சு. ஆளு மாறுனா பிரதி மாறும், இதுல யாரும் அழல.

அப்புறம்

இது முடிஞ்சு ஆறு மாசத்துல வியன்னால ஷ்டெஃபானிங்கிறவரோட இன்னொரு ஓபரால இறங்கிட்டார். அங்க ஒஸ்மின் பாத்திரத்துக்கு ஒரு ஆரியா வேணும்னு இவரே சொல்லி, ஷ்டெஃபானிக்கு ஒரு வார்த்தை தெரியறதுக்கு முன்னாடியே இசைல முக்காவாசி முடிச்சு வச்சிருந்தார், சுத்தமான மெட்டுக்குப் பாட்டு. அந்த சமயத்துல, 1781 அக்டோபர் 13ல, அப்பாவுக்கு எழுதுன வரிதான் எல்லாரும் எடுத்துப் போடுறது: ஓபரால கவிதை இசைக்குக் கீழ்ப்படிஞ்ச மகளா இருக்கணும். இதோட நிறுத்திக்கிட்டு இசையமைப்பாளர் சர்வாதிகாரம்னு எழுதிடுறாங்க. அதே லெட்டர்ல கொஞ்சம் தள்ளிப் போனா, மேடைய புரிஞ்சுக்கிட்டு யோசனை சொல்லத் தெரிஞ்ச நல்ல இசையமைப்பாளரும் கெட்டிக்காரக் கவிஞரும் சேர்றதுதான் உத்தமம், அந்த மாதிரி கவிஞர் ஃபீனிக்ஸ் பறவை மாதிரி அபூர்வம்னு சொல்றார். மேடைய புரிஞ்சுக்கிட்டுங்கிற அந்தத் துண்ட நான் ரெண்டு தடவை படிப்பேன். வரெஸ்கோவோட அவர் பட்டபாடு பூரா அதுல இருக்கு.

மோட்சார்ட்டும் வரெஸ்கோவும் இன்னொரு தடவை சேர்ந்தாங்க. 1783ல வியன்னால இத்தாலியக் காமெடி ஓபரா குழு வந்தப்போ மோட்சார்ட்டுக்கு உடனே ஒரு லிப்ரெட்டோ தேவைப்பட்டுச்சு, நூறு புத்தகத்துக்கு மேல புரட்டிட்டேன், ஒண்ணும் தேறலன்னு எழுதுறார். தா போன்டேன்னு ஒரு கவிஞர் எழுதித் தர்றேன்னார், ஆனா அவர் சாலியேரிங்கிற இன்னொரு இசையமைப்பாளர் பக்கம் சாய்ஞ்சிட்டா நமக்குக் கிடைக்காதுன்னு சந்தேகம். அதனால பழைய கோவம் இல்லன்னா வரெஸ்கோவையே கேளுங்கன்னு அப்பாகிட்ட சொல்லி, கெய்ரோவின் வாத்துன்னு ஒரு காமெடி ஆரம்பிச்சாங்க. ஜூன் 21ல எழுதுனது காட்டம்: ஓபரால முக்கியம் இசை, வெற்றி வேணும்னா நான் சொல்ற அளவுக்கு, சொல்ற தடவை மாத்தி எழுதணும், அவருக்கு மேடை அனுபவம் துளியும் கிடையாது.

ஆனா இந்தத் தடவை எந்த அரங்குல எப்போங்கிறது நிச்சயமாகல, குரலுக்கு சண்டை போட ராஃப் இல்ல, கப்பல்ல ராஜா தனியா வரலாமான்னு கேக்க குவாலியோ இல்ல. பெரிய ஓட்டை கண்ணுல பட்டது டிசம்பர் 6ல, முதல் அங்கத்துல பாதிக்கு மேல இசை போட்டப்புறம். ரெண்டு கதாநாயகிகளும் கோட்டைக்குள்ள அடைபட்டுக் கிடக்கிறாங்க, கடைசி நேரம் வரைக்கும் மேடைக்கே வர்றதில்ல, கோட்டைச் சுவர் மேல நடந்துட்டே இருக்காங்க. நீங்களும் கவனிக்கல, வரெஸ்கோவும் கவனிக்கல, நானும் கவனிக்கலன்னு மூணு பேரையும் சேர்த்து எழுதுறார், என்னை விட விவரமான ரெண்டு பேரு குறை சொல்லலங்கிறதாலதான் இந்த வாத்துக் கதைக்கே ஒத்துக்கிட்டேன்னு வேற. ம்யூனிக் மாதிரி ஒத்திகை ஒண்ணு நடந்திருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்கும். 1784 பிப்ரவரில, இப்போதைக்கு அத மேடையேத்துற எண்ணம் இல்ல, உடனே காசு தர்ற வேலை கைல இருக்குன்னு எழுதி எடுத்து வச்சுட்டார். அந்த ஓபரா அப்புறம் முடியவே இல்ல.